பெர்சியோடு பேசக் கூடாது

அடாக் தீவு, அலாஸ்கா
10 பிப்ரவரி 1976

அன்புத் தம்பி கிளோவிஸ்,

இங்கே நானும் உன் அத்தான் ஹார்லனும் சுகம். அங்கே நீயும் அம்மாவும் அம்மாவின் கோழிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வாரம் அடித்த காற்றில் பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தது. எங்களுடையது யார் வாசலில் கிடக்கிறதோ, யாரும் இதுவரை புகார் சொல்லவில்லை. மூடுபனி இறங்கிவிட்டால் இந்தக் கடற்படைத் தளத்துக்கு விமானம் வராது. விமானம் வராவிட்டால் முட்டைக்கோசும் வராது, கடிதமும் வராது. அதனால் என் பதில் தாமதமானால் வானத்தின் மேல் கோபித்துக்கொள்.

ஒரு விஷயம். இதை ஒரே ஒரு முறை எழுதுகிறேன், மறுபடி எழுத மாட்டேன். நான் உண்டாகியிருக்கிறேன். ஐந்தாம் மாதம்.

அம்மாவிடம் சொல்லாதே. முதல் தடவை மூன்றாம் மாதத்தில் போனது. இரண்டாவது ஆறாம் மாதத்தில். அதற்குள் அம்மா குட்டிப் போர்வை தைத்து அனுப்பிவிட்டாள், ஃபாதர் பூசையில் என் பெயரை வாசித்துவிட்டார், நம் வீட்டோடு ஒரே டெலிபோன் லைனில் இருக்கிற அத்தனை வீட்டுக்காரர்களும் ஒட்டுக்கேட்டுவிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார்கள். பிறகு ஒவ்வொருவரிடமும் இல்லை, இல்லை என்று சொல்லித் தீர்க்க வேண்டியிருந்தது. இன்னொரு தடவை அதற்கு என்னிடம் தெம்பில்லை. இதுதான் கடைசி முயற்சி, இதற்குமேல் உடம்பு தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

உன்னிடம் மட்டும் ஏன் சொல்கிறேன் என்றால் நீ பேஸ்பால் ஆடுகிறவன். பந்து வீசுகிற பிட்சர் எதிரணிக்கு ஒரு ஹிட்கூட, ஓடி பேஸைத் தொட விடுகிற ஒரு அடிகூட, கொடுக்காமல் போய்க்கொண்டிருந்தால் நீங்கள் யாரும் அவனோடு பேச மாட்டீர்கள். பெஞ்சின் ஓரத்தில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பான். அதைப் பற்றி எவனாவது வாயைத் திறந்தால் அடுத்த பந்திலேயே ஹிட் விழும் என்பீர்கள். என்னையும் அப்படி விட்டுவிடு. கேட்காதே, வாழ்த்தாதே, ஜாடைகூடக் காட்டாதே. உன் அணியைப் பற்றி மட்டும் எழுது. படிப்பதற்கு எனக்கு ஏதாவது வேண்டும்.

அம்மாவுக்கு முத்தம். உன் அக்கா,
அசேலி

*

புனித ஒதீல் கல்லூரி, லூசியானா
24 பிப்ரவரி 1976

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. முழுவதும் படித்தேன், ஒரு பத்தியைத் தவிர. அந்தப் பத்தி என் கண்ணில் படவே இல்லை. அம்மா நலம். கோழிகளும் நலம், ஒன்று மட்டும் ஞாயிற்றுக்கிழமை கம்போ குழம்புக்குள் போய்விட்டது.

போன வருடம் நாங்கள்தான் லீக்கில் கடைசி என்பது உனக்குத் தெரியும். இந்த வருடம் தொடங்கும்போதே மைதானம் குளம். ஒரு தவளை இரண்டாம் பேஸுக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு குடியேறியிருந்தது. கோச் ஏபேர் தகரம் தகரமாகப் பெட்ரோல் கொண்டுவந்து சேற்றில் ஊற்றிக் கொளுத்தினார். "நனைச்சது கடவுள், காய வெக்கறது நான். தள்ளி நில்லுங்கடா, புருவம் போயிரும்" என்றார். அவருடைய புருவம்தான் போனது.

அந்தப் புகை அடங்குவதற்குள் ஒரு நெல் லாரி வந்து நின்றது. அதிலிருந்து ஒருவன் இறங்கினான். பெயர் பெர்சி கில்லரி, முதலாம் ஆண்டு. ஒல்லி என்றால் அப்படி ஒரு ஒல்லி, சட்டைக்குள் ஆள் இருக்கிறானா என்று தேட வேண்டும். பேசவும் மாட்டான். பந்து வீசுவானாம். நான்தானே கேட்சர், போய் எதிரே குந்தி உட்கார்ந்தேன்.

அக்கா, அந்த முதல் பந்து வந்ததை நான் பார்க்கவில்லை. அவன் கையில் இருந்தது, பிறகு என் கையுறைக்குள் இருந்தது. நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து பந்து பிடிக்கிறேன், இப்படி ஒன்றை நான் தொட்டதே இல்லை.

மூன்றாம் பேஸில் நின்ற ரூஸ், உனக்குத் தெரியுமே, வாய்க்கொழுப்பு பிடித்தவன், அங்கிருந்து கத்தினான். "கிளோவிஸ், கண்ண மூடிக்கிட்டாடா புடிச்ச?"

"மூடலடா. தொறந்துகிட்டுதான் இருந்தேன். அதான் பிரச்சனையே" என்றேன்.

கோச் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இழவு வீட்டிலும் கோயிலிலும் தவிர அவர் தொப்பியைக் கழற்றி நான் பார்த்ததில்லை. என் இடது கை வீங்கிப்போயிருக்கிறது, அதனால்தான் தாளைப் பிடிக்க முடியாமல் எழுத்து இப்படி ஓடுகிறது. எனக்கு அந்த வீக்கத்தைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது.

ஹார்லனுக்கு என் அன்பு. உன் தம்பி,
கிளோவிஸ்

*

அடாக்
9 மார்ச் 1976

அன்புத் தம்பி,

நான் சுகம். உன் கை எப்படி இருக்கிறது? உன் கடிதத்தை ஹார்லனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவன் நெப்ராஸ்காக்காரன், சோளம் வளர்வதைப் பார்த்தே பரவசப்படுகிறவன். பெர்சியின் பந்து வந்த இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னான்.

இங்கே ஒரு மரம்கூட இல்லை என்று வந்த புதிதில் எழுதினேன் இல்லையா, தவறு. இருக்கிறது. வேலி போட்டு ஒரு சின்னத் தோப்பாக நட்டு, பக்கத்தில் 'தேசிய வனம்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். கடற்படைக்காரர்களின் நகைச்சுவை. என் ஜன்னலிலிருந்து அது தெரியாது. கட்டிலிலிருந்து எழுதுவதால் கூரை மட்டும் நன்றாகத் தெரிகிறது.

பெர்சியைப் பற்றி இன்னும் எழுது. அவன் வீட்டில் யார் யார், என்ன சாப்பிடுவான், தோற்றால் அழுவானா, எல்லாம் எழுது. நீளமாக எழுது. பகல் இங்கே மெதுவாகப் போகிறது.

அசேலி

*

புனித ஒதீல் கல்லூரி
22 மார்ச் 1976

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். நீ எங்கிருந்து எழுதினாய் என்பதை நான் படிக்கவில்லை. படித்தேன், ஆனால் படிக்கவில்லை. விதி விதிதான்.

பெர்சி தோற்றால் அழுவானா என்று கேட்டாய். தெரியாது, இன்னும் தோற்கவில்லை. நாங்கள் இதுவரை ஆடிய எல்லா ஆட்டத்திலும் ஜெயித்திருக்கிறோம். எனக்கே நம்ப முடியவில்லை. ஜெயிக்க ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவனும் காலுறையைத் துவைக்கவில்லை. துவைத்தால் போய்விடுமாம். பஸ்ஸில் ஜன்னலை மூட முடிவதில்லை, டிரைவர் மூக்கில் மெந்தால் தடவிக்கொண்டு ஓட்டுகிறார்.

என் கைக்காகக் கையுறைக்குள் பச்சை மாட்டிறைச்சித் துண்டு ஒன்றை வைத்துக்கொள்கிறேன், மெத்தென்று இருக்கிறது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஆட்டம் வந்ததும் சந்தேகம் வந்து ஃபாதரிடம் போய்க் கேட்டேன். "வெச்சுக்கறதுல பாவமில்ல, தின்னாதான் பாவம்" என்றார். "ஆட்டம் முடிஞ்சதும் அத என்ன பண்றே?"

"அம்மா வறுத்துருவா ஃபாதர்."

"அப்ப சனிக்கிழம வரைக்கும் ஐஸ்ல வை" என்றார்.

இனி ஒரு கெட்ட செய்தி. கோயிலில் புனித ஜெரார்டு சிலைக்கு நான் வாராவாரம் மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறேன். எதற்கு என்று எழுத மாட்டேன். போன ஞாயிறு அம்மா பார்த்துவிட்டாள். ஜெரார்டு யாரைக் காப்பாற்றுகிற புனிதர் என்று ஊரில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"யாருடா அவ?"

"எவம்மா?"

"திருட்டு முழி முழிக்காத. வாலிபப் பயலுக்கு ஜெரார்டு கிட்ட என்னடா வேல? எத்தன மாசம்?"

நான் என்ன சொல்லட்டும்? பாத்திரம் துடைக்கிற துணியால் முதுகில் நாலு வைத்தாள். பிறகு காதைப் பிடித்துப் பாவசங்கீர்த்தனத்துக்கு இழுத்துப் போனாள். கூண்டுக்குள் போய், "நான் ஒண்ணும் பண்ணல ஃபாதர், பண்ணிட்டேன்னு அம்மா நினைக்கிறா" என்றேன். "அதுக்கு என்கிட்ட பரிகாரம் இல்லப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது அம்மா மனம் மாறிவிட்டாள். ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறாள். "கூட்டிட்டு வாடா, நான் கடிச்சா தின்னுருவேன்?" என்கிறாள். இல்லாத மருமகளின் குழந்தைக்காகக் குட்டிக் காலுறை பின்னிக்கொண்டிருக்கிறாள். அவள் அதைக் கையில் எடுத்தாலே நான் எழுந்து கோழிகளிடம் போய்விடுகிறேன்.

உன் தம்பி,
கிளோவிஸ்

*

அடாக்
6 ஏப்ரல் 1976

தம்பி,

சுகம். அம்மா உன்னை அடித்ததைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு நிறுத்திக்கொண்டேன், அசையாமல் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இந்த வரியைப் படிக்காதே.

ஹார்லனின் பிரிவை மேற்கே கடைக்கோடித் தீவுக்கு அனுப்பிவிட்டார்கள். திரும்ப வாரக்கணக்கில் ஆகும். தளத்தில் உள்ள மற்ற மனைவிமார் நல்லவர்கள். சுட்ட மக்ரோனியை வாசலில் வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டு, நான் எழுவதற்குள் போய்விடுகிறார்கள். அவர்களிடமும் எதுவும் கேட்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள். நான் வைத்த விதி, நானே குறை சொல்லக் கூடாது.

ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் பிட்சர் அப்படிப் பெஞ்சின் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும்போது எதைப் பார்த்துக்கொண்டிருப்பான்? யாராவது அவனைக் கேட்டிருக்கிறீர்களா?

அசேலி

*

புனித ஒதீல் கல்லூரி
19 ஏப்ரல் 1976

அன்புள்ள அக்கா,

ஈஸ்டர் வாழ்த்துகள். அம்மாவும் நானும் நலம். நேற்று முட்டை மோதலில் அம்மா எல்லோருடைய முட்டையையும் உடைத்துத் தள்ளிவிட்டாள். கல் மாதிரி ஓடு இருக்கிற கினிக்கோழி முட்டைக்குச் சாயம் பூசிக் கொண்டுவந்திருந்தாள், வழக்கம்போல. வழக்கம்போல ஒருவரும் அவளைத் தட்டிக் கேட்கவில்லை.

நீ கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பெர்சி இதுவரை அந்த மாதிரி ஓரத்துக்குப் போனதில்லை. எப்படியும் நடுவில் எவனாவது ஒரு ஹிட் தட்டிவிடுகிறான். ஆனால் அவன் வீசுவதைப் பார்க்க இப்போது பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். விதைப்பை விட்டுவிட்டு நெல் விவசாயிகள் வருகிறார்கள். கன்னிமார் மடத்திலிருந்து இரண்டு சிஸ்டர்கள் வந்து வேலி ஓரத்தில் நிற்கிறார்கள். அவன் கையைத் தூக்கியதும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், முகமூடிக்குள் இருக்கும் எனக்கே அது கேட்கிறது. கடவுள் ஒரு ஒல்லிப் பையனின் தோளில் ஏன் இதைக் கொண்டுபோய் வைத்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு விளங்கவில்லை. பிடிக்கிற இடத்தில் என்னை வைத்தாரே, அதுவே போதும்.

மே முதல் தேதி பைன்க்ரெஸ்ட் கல்லூரியோடு கடைசி ஆட்டம். ஜெயித்தால் லீக் பட்டம் எங்களுக்கு.

காலண்டரை நான் பார்ப்பதில்லை. பார்க்காமலே தேதி தெரிகிறது. வேறொன்றும் எழுதவில்லை.

கிளோவிஸ்

*

புனித ஒதீல் கல்லூரி
4 மே 1976

அன்புள்ள அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. மூடுபனி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இங்கே அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் ஆட்டத்தைக் கேள்.

சனிக்கிழமை பெர்சி வீசினான். இரண்டாவது இன்னிங்ஸிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்று வேறு மாதிரி என்று. நான் கையுறையை எங்கே காட்டினேனோ அங்கேயே பந்து வந்தது, விரலகலம் பிசகவில்லை. பைன்க்ரெஸ்ட்காரர்கள் முதலில் கிண்டல் செய்தார்கள். "டேய் நெல்லுக்காரா, சோறு தின்னுட்டு வாடா" என்று அவர்கள் பெஞ்சிலிருந்து சத்தம். நாலாவது இன்னிங்ஸுக்குப் பிறகு அந்தச் சத்தம் நின்றுவிட்டது. அவர்களுடைய பெரிய மட்டைக்காரன் ஒருவன் மூன்று பந்தும் தவறவிட்டு அவுட் ஆனவன், திரும்பிப் போகிறபோது என்னிடம் குனிந்து, "இத நீ தெனமும் பாக்கறியாடா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "குடுத்து வெச்சவன்" என்று சொல்லிவிட்டுப் போனான். எதிரி அணிக்காரன், அக்கா.

எங்களுக்கு ஒரு ரன் கிடைத்தது. அவர்களுக்கு ரன்னும் இல்லை, ஹிட்டும் இல்லை. ஆறாவது இன்னிங்ஸில் எங்கள் பெஞ்சு நகர ஆரம்பித்தது. ஒருவன் தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பி வரவில்லை. இன்னொருவன் பேட்டை எடுக்கிற சாக்கில் தள்ளிப் போனான். கொஞ்ச நேரத்தில் பெர்சி மட்டும் அந்த ஓரத்தில், நாங்கள் எல்லோரும் இந்த ஓரத்தில் ஒருவர் மடியில் ஒருவர். கோச் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

ஒன்பதாவது, கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒருவன். அவன் போனால் ஒரு ஹிட்கூடக் கொடுக்காத ஆட்டம், எங்கள் கல்லூரியில் யாரும் செய்யாதது. அப்போது நான் முகமூடிக்குள்ளிருந்து பெர்சியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. யாரையும் பார்க்கவில்லை. பந்தை வீசாமல் விரல்களுக்குள் திருப்பித் திருப்பிக்கொண்டிருந்தான். நீ கேட்டது ஞாபகம் வந்தது. நான் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவன் நிற்கிற மேட்டுக்கு நடந்தேன். பின்னால் கோச், "போகாதடா, கிளோவிஸ், டேய்" என்று அடிக்குரலில் கெஞ்சியது கேட்டது.

"எதடா பாத்துட்டு இருக்க?" என்றேன்.

"ஒண்ணும் பாக்கல. எவனாவது என் பேரச் சொல்லிக் கூப்பிடுவானான்னு பாத்துட்டு இருந்தேன்."

"இன்னிக்கி ஒருத்தனும் உன்ன அடிக்கல. தெரியுமா?"

"ஸ்கோர்போர்டு எனக்கும் தெரியும்டா."

"பயமா இருக்கா?"

அவன் என்னைப் பார்த்தான். "அஞ்சாவதுலேருந்து. வாந்தி வருது."

"எனக்கும்தான். முகமூடிக்குள்ள எடுத்தா என் கதி என்ன, யோசிச்சுப் பாரு."

சிரித்தான் அக்கா. அந்த ஆட்டத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். நான் திரும்பி வந்து குந்தினேன். அடுத்த பந்து, பேட்டின் நுனியில் பட்டு, இரண்டாம் பேஸ்காரன் தலைக்கு மேலே மெதுவாகப் போய் புல்லில் விழுந்தது. ஹிட்.

மைதானம் முழுக்க ஒரே பெருமூச்சு. அதற்கடுத்தவன் மூன்று பந்தில் அவுட், நாங்கள் ஜெயித்தோம், பட்டம் எங்களுக்கு. ஆனால் ஒருவனும் என்னிடம் பேசவில்லை. ரூஸ் மட்டும் வந்து, "வாய வெச்சுட்டியேடா பாவி" என்று சொல்லிவிட்டு அழுதான். பஸ்ஸில் தனியாக உட்கார்ந்தேன். பெர்சி எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வறுத்த இறால் வைத்த தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தான்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"வலிக்குதுடா. வலிக்காமயா இருக்கும்? ஆனா நீ வரலன்னா அந்த மேட்டுலேருந்து எறங்கி ஓடிருப்பேன். எங்கப்பா லாரி எங்க நிக்குதுன்னுகூட பாத்து வெச்சிருந்தேன்."

அக்கா, நான் வாயைத் திறந்ததால்தான் அந்த ஹிட் விழுந்தது என்று எனக்குள் பாதி இன்னும் நம்புகிறது. அதனால் இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். நீ கேட்டுக்கொண்டபடி உன்னைப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு நான் பாட்டுக்குக் காலுறைக் கதை எழுதிக்கொண்டிருந்தேன். அந்த இடம் எப்படிப்பட்டது என்று சனிக்கிழமைதான் தெரிந்துகொண்டேன்.

எப்படி இருக்கிறாய்? குழந்தை எப்படி இருக்கிறது? உதைக்கிறதா? பயமாக இருக்கிறதா? எனக்குப் பயமாக இருக்கிறது. பதில் எழுது.

உன் தம்பி,
கிளோவிஸ்

*

புனித ஒதீல் கல்லூரி
21 மே 1976

அக்கா,

இன்னும் ஒன்றும் வரவில்லை. தளத்துக்கு டெலிபோன் போட்டோம், வானிலை சரியில்லை, லைன் கிடைக்காது என்றார்கள். நான் கேட்டிருக்கக் கூடாதோ?

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜெரார்டு யாருக்காக என்பதையும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. பின்னிக்கொண்டிருந்த காலுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ளைய ஒத்தையில விட்டுட்டேனே" என்று மட்டும் சொன்னாள்.

ஒரு வரி எழுது. எதுவாக இருந்தாலும் எழுது.

கிளோவிஸ்

*

அடாக், கடற்படை மருத்துவமனை
24 மே 1976

அன்புள்ள கிளோவிஸ்,

நான் சுகம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன். தாமதத்துக்குப் பாதி காரணம் மூடுபனி. மீதி என்ன என்று சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி.

உன் மே மாதக் கடிதம் பதினைந்தாம் தேதிதான் வந்தது. நாள் கணக்கில் மூடியிருந்த வானம் அன்று கொஞ்சம் விலகி ஒரே ஒரு விமானத்தை இறங்க விட்டது. பக்கத்து வீட்டுப் பெண் உன் கடிதத்தை மக்ரோனியின் மேல் வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டுப் போனாள். ஆட்டத்தைப் படித்தேன். பெர்சி சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன், ஹிட் விழுந்த இடத்தில் உன்னைக் கொன்றுபோடலாம் என்றிருந்தது. கடைசிப் பத்திக்கு வந்தேன்.

யாரும் என்னைக் கேட்காத கேள்விகள். பதில் எழுதலாம் என்று அப்போதே காகிதத்தை எடுத்தேன். நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினேன். உதைக்கிறதா என்பதற்கு உதைக்கிறது என்று எழுதப் போனேன். பேனா ஓடவில்லை.

முந்தின நாள் காலையிலிருந்து அசைவே இல்லை, கிளோவிஸ். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே, தெரியாதது மாதிரி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். சொல்லிவிட்டால் உண்மையாகிவிடும் என்று என்னிடம்கூட நான் சொல்லிக்கொள்ளவில்லை. உனக்குப் பொய் எழுத முடியாமல் போனதால்தான் எனக்கு நானே உண்மையைச் சொன்னேன். பேனாவைக் கீழே போட்டுவிட்டு டெலிபோனை எடுத்தேன். "குழந்த அசையல, எனக்குப் பயமா இருக்கு, வாங்க" என்றேன்.

ஜீப் வந்தது. டாக்டர் வயிற்றில் குழலை வைத்துக் கேட்டார், முகம் மாறியது. தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது என்று பிறகு சொன்னார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால், என்று ஆரம்பித்து அவர் முடிக்கவில்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, அங்கேயே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

எடுத்ததும் அழவில்லை. நீலமாக இருந்தது. அறையில் அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் பேசவில்லை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் மூலையில் எதையோ செய்துகொண்டிருந்தார்கள். அந்த அமைதி எனக்கு நன்றாகத் தெரிந்த அமைதி. என்னால் அதைப் பொறுக்க முடியவில்லை. தலையைத் திருப்பி அந்த மூலையைப் பார்த்துக் கத்தினேன். "கொரீன், அம்மா இங்கதான் இருக்கேன்டி. பயப்படாத. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அந்தப் பெயரை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பெண் குழந்தை என்பதுகூட அந்த நிமிடம் எனக்குத் தெரியாது. ஏன் அந்தப் பெயர் வாயில் வந்தது என்று கேட்காதே. நான் கத்தியதாலா, டாக்டர் அவள் வாயில் காற்றை ஊதியதாலா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். பூனைக்குட்டி அளவுக்கு ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு அவள் நிறுத்தவே இல்லை.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மூன்றரைப் பவுண்டு. தந்தி கொடுக்கலாமா என்று நர்ஸ் கேட்டாள், வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். ஒரு வாரம் தாண்டட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நேற்றோடு வாரம் தாண்டிவிட்டது. இனிப் பயமில்லை, பிழைத்துக்கொள்வாள் என்கிறார். ஹார்லன் நேற்று வந்து சேர்ந்தான். கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான், சாப்பிடக் கூப்பிட்டால்கூட வரவில்லை. அவளுடைய கை என் சுண்டுவிரலின் நுனி அளவுகூட இல்லை. அதில் நகம் இருக்கிறது, தம்பி. ஒவ்வொரு விரலிலும் நகம். நான் ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவிடம் சொல். எல்லோரிடமும் சொல்.

அசேலி

*

புனித ஒதீல் கல்லூரி
4 ஜூன் 1976

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி அம்மாவுக்குப் படித்தேன். பேத்தியின் பெயர் கொரீன் என்று படித்ததும், "நிறுத்து, மறுபடி படி" என்றாள். நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை என்னால் முடியவில்லை, அம்மா என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிரெஞ்சு பேசி வளர்ந்தவள், அவளுக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். மாலை வரை எழுத்துக்கூட்டிக்கொண்டே இருந்தாள்.

மாநிலங்களுக்கிடையே நடந்த ஆட்டத்தில் தோற்றுவிட்டோம். பெர்சி மூன்று ஹிட் கொடுத்தான். அழவில்லை. போகிற வழியில் பஸ்ஸில் உன் கடிதத்தை அவனுக்குப் படித்துக் காட்டினேன். பின்னால் இருந்தவர்களும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள், அதனால் எழுந்து நின்று எல்லோருக்கும் படித்தேன். ரூஸ் வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அத்தோடு எங்களுக்குள் ராசி.

இப்போது எல்லோரும் உன்னிடம் கேட்கச் சொல்கிறார்கள். பால் எவ்வளவு குடிக்கிறாள், முடி இருக்கிறதா, அது நம் பக்கத்து முடியா ஹார்லன் பக்கத்து முடியா என்று அம்மா கேட்கிறாள். அங்கே வருவதற்கு எந்த விமானத்தில் ஏற வேண்டும், அதில் கோழி கொண்டுவர விடுவார்களா என்றும் கேட்கிறாள். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய் யார், ஞானத்தந்தை யார் என்று ஃபாதர் கேட்கிறார். எந்தக் கை அதிகமாக ஆடுகிறது, இடதா வலதா என்று கோச் கேட்கிறார், அவருக்கு வேறு யோசனை. சத்தமில்லாமல் படுத்திருக்கும்போது அவள் எதைப் பார்க்கிறாள் என்று பெர்சி கேட்கிறான்.

என் கேள்வி உனக்கு. வயிற்றுத் தையல் வலிக்கிறதா? அவள் தூங்கும்போது நீ தூங்குகிறாயா, அல்லது மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாயா? நீ எப்படி இருக்கிறாய், அக்கா? சுகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. நீளமாக எழுது.

உன் தம்பி,
கிளோவிஸ்